சம்மனசு வளர்வதில்லை

1.

இந்தக் கதை ஆசுப்பத்திரி மரவாங்கில் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. அதைவிட மோசமான இடங்களும் உண்டு. கதிர்வீச்சு கொடுக்கும் அறைக்கு வெளியே கிடக்கும் வாங்கிலும் இருந்திருக்கிறேன். அங்கே கதை பிறப்பதில்லை.

தொடக்கம்: குருநகர்க் கடல் அன்று அமைதியாக...

(வேண்டாம். றஞ்சித் கடலுக்கே போவதில்லை. ஐஸ் ஆலையில் வேலை.)

றஞ்சித் நான்தான். ‘அவன்’ என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். என் இலக்கிய உத்தி அவ்வளவுதான்.

2.

அவன் மகள் ஜெசிதாவுக்குப் பதினொரு வயது. ஏழு வயதில் தலைக்குள் கட்டி. வெட்டி எடுத்து, கதிரும் கொடுத்தார்கள். பிழைத்தாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் தலையைப் படம்பிடித்து, "நல்லாயிருக்கு" என்று அனுப்பினார்கள். தலைக்குக் கீழே ஒரு பிள்ளை தொங்குவது எவருக்கும் ஞாபகம் வரவில்லை. கனடா மச்சான் மட்டும் உயரம் கூட்டும் மா அனுப்பினான். அதில் வளர்ந்தது றஞ்சித்தின் வயிறு.

கோவில் கூத்தில் சம்மனசு என்ற வானதூதர் வேடம், முதுகில் கட்டும் செட்டை பொருந்தும் பிள்ளைக்குத்தான். முதுகு அகன்று வார் எட்டாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஜெசிதா நான்காம் வருடமும் சம்மனசு.

"ஆண்டவர் குடுத்த கொடையடா! வார்கூட மாத்தேல்லை," என்றார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கிறிஸ்துநாயகம். பெருமை தாங்காமல் றஞ்சித் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான்.

ஜெசிதா சிரிக்கவில்லை. "என்னோடை படிக்கிறவை ராணியா நிக்கினம். எனக்கு ஒரே வசனம், ‘பயப்படாதேயுங்கள்’. எனக்கு ஏரோது ராசா வேசம் வேணும்."

"அது பெடியன்ரை வேசமம்மா."

"நான் பெடியன் இல்லை எண்டோ, உயரம் இல்லை எண்டோ?"

அந்த உயரத்தைக் கேட்கத்தான் அவளைப் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான்.

3.

டொக்டர் ஜெயனி அவளைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். கையை எக்ஸ்ரே எடுத்தார். எலும்புக்கு எட்டு வயதாம்.

"அண்ணை, கதிர் கட்டியை மட்டும் பாத்துச் சுடுறேல்லை. மூளைக்கு அடியிலை ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதிலை முதல் குறையிறது வளர்ச்சி ஓமோன். சில வருசம் போனாப் பிறகுதான் வெளியிலை தெரியும்."

"அப்ப இரத்தம் எடுத்துப் பாருங்கோ."

"சும்மா எடுத்தாத் தெரியாது. அது வந்து வந்து போறது. மருந்து குடுத்துச் சுரப்பியை உசுப்பிப்போட்டு, திருப்பித் திருப்பி எடுக்கவேணும்."

(அரசாங்கக் கச்சேரியில் கோப்பு நகர்வதும் இப்படித்தான். உசுப்பினால்தான் கதிரையில் ஆள் இருப்பது தெரியும்.)

"குறைவெண்டு வந்தா?"

"ஒவ்வொரு நாளும் ஊசி."

"அந்த ஊசி கட்டியையும் வளத்துப்போட்டா?"

"கட்டி கிடக்கிற பிள்ளையளுக்குக் குடுக்கிறேல்லை. இவவின்ரை தலை நாலு வருசமாத் துப்புரவு. ஊசியாலை திரும்பி வாறதா ஆய்வுகளிலை காணேல்லை. ஆனா ஒருக்காலும் வராதெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன்."

றஞ்சித்துக்குக் கடைசி வசனம் மட்டும் கேட்டது. தகப்பன்மாரின் காது அப்படி. குறைக்குப் பெயர் வைத்தால்தானே ஊசி? சோதனையே செய்யாவிட்டால் மகள் உயரத்தில் கட்டை, அவ்வளவுதான். ஊரில் கட்டையானவர்கள் இல்லையா?

4.

இங்கே ஒரு சண்டை வேண்டும். இரண்டாம் வரைவில் மனைவி நிரோஜா அவனைப் பிடித்து ஏசினாள்:

"பயம் உங்களுக்கு. சோதினை பிள்ளைக்கு. ரெண்டையும் ஏன் குழைக்கிறியள்?"

(நிரோஜா, மகளுக்குக் கதிர் முடிந்த வருடமே கொரோனாவில் போய்விட்டாள். செத்தவளைக் கூப்பிட்டு ஏச வைப்பது கதைக்கு அழகல்ல. வெட்டப் பார்த்தேன். வீட்டில் நல்ல வசனம் எப்போதும் அவளுக்குத்தான். இருக்கட்டும்.)

5.

முடிவுகள்.

அ) ஊசி போட்டு, உயர்ந்து, கனடாவில் மாப்பிள்ளை... (இது கலியாணத் தரகர் எழுதும் முடிவு.)

ஆ) ஊசி போட்டு, மறுபடி கட்டி—

இ) சோதனைக்குப் போகாமல், ஊர் மெச்ச, என்றென்றும் சம்மனசாக. (றஞ்சித்துக்குப் பிடித்தது இதுதான். ஜெசிதாவைத் தவிர எல்லோருக்கும் வசதி.)

டொக்டர் குறித்த சோதனை நாளைக்கு. வாசகரே, நீங்களே ஒன்றைத் தெரிவு...

"என்னப்பா எழுதிறியள்?" ஜெசிதா பின்னால் வந்து நின்றாள்.

"கதை."

"அதிலை நான் வளருறனோ?"

"முடிவை வாசிக்கிறவையட்டை விட்டிருக்கிறன்."

"அவையே நாளைக்கு வந்து இரத்தம் எடுக்கக் கையை நீட்டப் போகினம்?" அவள் என் கதிரையின் முதுகில் நாடியை ஊன்றினாள். "அப்பா, விடிய எனக்குத் தேத்தண்ணி போடாதேங்கோ. வெறுவயித்தோடை வரட்டாம், இல்லாட்டிச் சோதினை இல்லையாம்."

"மறந்துபோய்ப் போட்டிடுவன் எண்டு பாக்கிறியோ?"

"மறந்து போடமாட்டியள். தெரிஞ்சுதான் போடுவியள்."

6.

(இந்த இடம் ஜெசிதாவுடையது; நான் நிரப்பப் போவதில்லை. நீங்களும் கை வைக்காதீர்கள்.)