என் விரலுக்குக் கேட்ட சத்தம்

எனக்குப் பாம்புச்செவி என்று பெயர் வைத்தது ஆஸ்பத்திரிக்காரர்கள். அதை ஊரெல்லாம் பரப்பியது நான். இருபத்தாறு வருடமாகக் காது பரிசோதகன். நாலு அறை தள்ளி யாராவது என்னைப் பற்றிக் கிசுகிசுத்தாலும் கேட்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன். பாம்புக்கு உண்மையில் எவ்வளவு கேட்கும் என்பது என் அறைச் சுவரில் நானே மாட்டிய படத்தில் இருக்கிறது. நமக்கு எட்டாத அடிமட்ட முழக்கம் யானைக்குக் கேட்கும். நாய்க்கு நம்மைவிட இரண்டு பங்கு உயரமான சத்தம் கேட்கும், வௌவாலுக்கு அதற்கும் மேலே. படத்தின் அடியில் குட்டையாக ஒரு கோடு, நொடிக்குச் சில நூறு அதிர்வுகளோடு முடிந்துபோகும். அதுதான் பாம்பு. கீச்சுக்குரல் எதுவும் அதற்கு எட்டாது. அந்தக் கோட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டத்தைச் சுமந்தவனுக்கு மூளை எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன், கொஞ்சம் தாமதமாக.

என் வேலை எளிது. கண்ணாடி ஜன்னல் வைத்த, சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளி உட்காருவார். காதில் ஹெட்போன், சிவப்பு வலதுக்கு, நீலம் இடதுக்கு. வெளியே மெஷின் முன்னால் நான். பித்தானை அமுக்கினால் என் பக்கம் ஒரு விளக்கு எரியும், அவர் காதில் மெல்லிசாக ஒரு 'பீ' ஒலிக்கும். கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். நொடிக்கு இருநூற்றைம்பது அதிர்வில் தொடங்கி எட்டாயிரம் வரை போவோம். மனிதக் காதுக்கு இருபதாயிரம் வரை கேட்கும் என்பது இளமையின் கணக்கு. வயது ஏற ஏற உச்சியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கழன்று விழும். இந்தப் பிரசங்கத்தைக் கேட்காமல் யாரும் என் அறையைவிட்டு வெளியே போனதில்லை.

நோயாளிகள் வருவதற்கு முன், தினமும் காலையில் மெஷினை நானே கேட்டுப் பார்த்து நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையால் பித்தான். எட்டாயிரம்? கேட்டாயிற்று. சரி.

வீட்டிலும் இதே அதிகாரம்தான். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டர் சத்தமே போடவில்லை என்று குப்பையில் போட்டேன்.

"அடிச்சுதுங்க" என்றாள்.

"காய்ச்சல்ல உனக்குக் காதுக்குள்ள இரையுது."

புதிதாக வாங்கியதும் அடிக்கவில்லை. அதையும் போட்டேன்.

இப்படி இருக்கையில்தான் வனத்துறையில் பறவைக் கணக்கு எடுக்கும் அம்மா ஒருவர் வந்தார். விடியற்காலையில் காட்டுக்குள் ஓரிடத்தில் அசையாமல் நின்று, கண்ணில் படாத பறவைகளைக் குரலை வைத்தே எண்ணுவது அவர் வேலை. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை காதுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். நான் போட்ட வரைபடத்தில் அவருடைய வலது காது ஆறாயிரத்தில் சரிந்து எட்டாயிரத்தில் பள்ளத்தில் கிடந்தது.

"வலது காதுல மேல் சத்தம் போயிடுச்சும்மா. வயசாகுது இல்லையா."

"இல்ல சார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு குருவி இருக்கு, ஊசி மாதிரி கத்தும். நேத்துகூட வலது பக்கத்துல அதக் கேட்டேனே."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. மெஷின் பொய் சொல்லாது."

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கையில் ஒரு உத்தரவோடு திரும்பி வந்தார். மறுநாளிலிருந்து அவருக்குக் காட்டில் வேலை இல்லை. அலுவலகத்தில் ஃபைல் அடுக்க வேண்டும்.

"இன்னொரு தடவ பாருங்க சார். இருபது வருஷமா அங்கயே நின்னு பழகிட்டேன். நாலு சுவருக்குள்ள என்னால உக்கார முடியாது."

எனக்கு இரக்கம் வந்தது. தெரிந்த முடிவைத் திரும்பச் சொல்ல இன்னொரு அரை மணி நேரத்தைத் தானம் செய்ய முன்வந்தேன். அவர் உள்ளே போய், சிவப்பை இடது காதில் வைத்து மாட்டிக்கொண்டார்.

"சிவப்பு வலது காதுக்கும்மா."

"தெரியும் சார். மாத்தித்தான் போட்டேன்."

சோதித்தேன். இப்போது வலது காது எட்டாயிரம் வரை எல்லாவற்றையும் கேட்டது. இடது காது பள்ளத்தில் விழுந்தது. கோளாறு காதோடு இல்லை, சிவப்போடு இருந்தது. இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தோன்றாத சோதனை.

"இருக்க முடியாது" என்றேன். "காலையிலதான் நானே கேட்டுப் பாத்தேன். பளிச்சுனு கேட்டுச்சு."

"அப்ப நீங்க உள்ள உக்காருங்க சார். நான் அமுக்கறேன்."

எந்தப் பித்தான் என்று காட்டிவிட்டு, போய் உட்கார்ந்தேன். கச்சேரி கேட்பவன் மாதிரி கண்ணை வேறு மூடிக்கொண்டேன். 'பீ' வந்தது, விரலைத் தூக்கினேன். மறுபடி வந்தது, தூக்கினேன். நல்ல தாளத்தோடு வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"மொதல்ல ரெண்டு தடவ அமுக்கினேன் சார். அப்புறம் நம்பர் தெரியலன்னு மூக்குக்கண்ணாடியத் தேடிக்கிட்டிருந்தேன். நீங்க ஏழு தடவ விரலத் தூக்கினீங்க."

பிறகு, பழுதில்லாத நீலத்தில், கண்ணைத் திறந்துகொண்டே சோதித்தோம். ஜன்னலுக்கு அப்பால் விளக்கு எரிவது தெரிந்தது. எட்டாயிரத்தில் ஒன்றுமில்லை. ஆறாயிரத்தில் ஒன்றுமில்லை. நாலாயிரத்தில்தான் தொலைவில் ஏதோ லேசாக முனகியது. இத்தனை காலமாகத் தினமும் காலையில் விரல் அமுக்கியது, கண் விளக்கைப் பார்த்தது, மனசு 'பீ' என்று சொல்லிக்கொண்டது. காது அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு பாவமும் அறியாத இரண்டு தெர்மாமீட்டர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கூப்பிட்டதும் பெரிய டாக்டர் வந்தார். வேறு ஹெட்போனைப் போட்டு அவரே அந்த அம்மாவைச் சோதித்தார். இரண்டு காதும் பழுதில்லை.

"கருவிக் கோளாறுன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுங்க" என்றார் என்னிடம். "பொய் ஒண்ணும் இல்லையே."

கரும்பு தின்னக் கூலியா? ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா வாங்கிப் படித்தார், மடித்துப் பையில் வைத்தார். அவருடைய வேலை பிழைத்துவிட்டது. அப்படியே போயிருக்கலாம். கதவருகில் நின்றார்.

"நாளைக்குக் காலையில இந்த மெஷின யாரு கேட்டுப் பாப்பாங்க சார்?"

'நான்தான்' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பேரேட்டைத் திறந்தேன். கடந்த மூன்று மாதத்தில் வந்தவர்களில் முப்பத்தெட்டுப் பேருக்கு வலது காதில் அதே பள்ளம். அத்தனை பேரும் கேட்குது, கேட்குது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அத்தனை பேருக்கும் பிரசங்கம் செய்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடிதத்தைத் திரும்ப வாங்கி, ஒரு வரி சேர்த்தேன்: 'பழுதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய பரிசோதகருக்கு நாலாயிரத்துக்கு மேல் கேட்பதில்லை.' நகல் ஒன்றை டாக்டரிடம் நீட்டினேன்.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான்" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த அம்மா போன் செய்தார். உத்தரவை ரத்து செய்துவிட்டார்களாம். சந்தோஷத்தில் குரல் உச்சத்துக்குப் போய்விட்டதால் பாதி எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை நிதானமாகச் சொல்லச் சொன்னேன். இதையும் இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் செய்தேன்.

காலைச் சோதனைக்கு இப்போது பக்கத்து அறை நர்ஸ் வருகிறார். அவர் கேட்டுச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். முப்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கிறேன். சிலர் திட்டினார்கள், திட்டட்டும். முந்தாநாள் வந்தவர் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர். திட்டவில்லை.

"நீங்க சொன்னதுலேருந்து வாட்ச்ச இடது காதுலதான் வெச்சுப் பாக்கறேன் சார். வலது காதுல வெச்சா டிக் டிக்கே கேக்கறதில்ல. முன்னெல்லாம் நல்லாக் கேட்டுக்கிட்டிருந்துச்சு. நீங்க சொன்னப்புறம் நின்னுபோச்சு."

சோதித்தேன். வலது காதில் எட்டாயிரம் வரை ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் விரல் தயங்கித் தயங்கி எழுந்தது. ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தூக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்பதுபோல. நான் எழுந்துபோய் நாற்காலியைத் திருப்பி, அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.