கல்யாண விறகு

பின்பக்கம் மரம் அறுக்கிற மிஷின் மூன்றாவது தடவையாக நின்றது. கமலம் புருஷன் சக்கரபாணியின் தலைமாட்டில் உட்கார்ந்து, இந்தத் தடவை எதனால் நின்றிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை சோக்கைச் சரியாக வைக்காமல் கயிற்றை இழுத்திருப்பான். இரண்டாவது தடவை பிளேடு மரத்துக்குள் சிக்கியிருக்கும். இப்போது கேட்ட சத்தத்தைப் பார்த்தால் செயின் மண்ணில் பட்டு மழுங்கியிருக்கிறது. மழுங்கின செயின் அறுக்காது, தேய்க்கும். சக்கரபாணி இருந்திருந்தால் ஓடிப்போய்த் தம்பி கையிலிருந்து மிஷினைப் பிடுங்கியிருப்பார். அவர் இருந்திருந்தால் அந்த மரத்தை அறுக்கவே வேண்டியிருக்காது என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

நேற்று சாயங்காலம் டீக் குடித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது என்று கட்டிலில் சாய்ந்தவர்தான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்து மேல் தொங்கியவருக்குச் சாவு தரையோடு தரையாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கமலத்துக்கு அழுகை வரவில்லை. காதெல்லாம் பின்பக்கமே இருந்தது.

மிஷின் மறுபடி முனகியதும் எழுந்துவிட்டாள்.

"எங்கடி போற? தலமாட்டுல ஒக்காரு," என்றாள் ஒரு பெரியம்மா.

"தோ வந்துடறன்."

அவர்கள் வகையறாவில் ஒருவர் செத்தால் வீட்டு மாமரத்திலிருந்து ஒரு கிளை ஒடித்துச் சிதையில் வைக்க வேண்டும். ஒரு கிளைதான். கொழுந்தன் கொளஞ்சியப்பனுக்கு அண்ணன் மேல் உயிர். கிளை போதாது என்று நினைத்தவன், அண்ணனின் மிஷினாலேயே முழு மரத்தையும் சாய்த்துவிட்டான். விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்டிவிட்டுப் பின்பக்கம் அறுக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அண்ணன் புண்ணியத்தில் மரம் யார் தலையிலும் விழாமல் துணி துவைக்கிற கல்லை மட்டும் உடைத்திருந்தது. அவன் அழுதுகொண்டே அறுத்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் பச்சை மரத்தூள்.

கருமான் பட்டறையில் வேலை தெரியாதவனைப் பார்ப்பதுபோல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் சாமிதுரை. சுடுகாட்டில் வேலை பார்ப்பவர். கமலத்தைப் பார்த்ததும் துண்டை இடுப்புக்கு இறக்கினார். கீழே கிடந்த இரண்டு மாங்கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். ஈரச் சாக்கு விழுந்த மாதிரி தொப்பென்றது. அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இருபத்தாறு வருஷமாக அவள் விறகு வாங்கியும் கொடுத்தும் வந்திருக்கிறாள்.

"இது வேவாதும்மா," என்றார் மெதுவாக.

"நம்ம வெறகு டெப்போவுல வேற இருக்குதா தம்பி?" என்று கமலம் கொளஞ்சியப்பனைக் கேட்டாள்.

"எல்லாம் போன வாரம் அறுத்தது அண்ணி. பச்சை. காஞ்சதப் பூரா கார்த்திகைக்கு வெளக்கு சுடறவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. பெண்ணாடத்துக்கும் போன் போட்டுப் பாத்துட்டன். பத்து நாளு மழையில எல்லா எடத்துலயும் நனஞ்சி கெடக்குது. வரட்டியும் சொதசொதன்னு இருக்குது."

"அப்பறம் எப்படி எரியும்?"

அவன் செயினில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். சாமிதுரைதான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன செவ்வாக்கெழம ஒருத்தருக்கு இப்படித்தாம்மா ஆச்சி. டீசல ஊத்தி, லாரி டயரப் போட்டுத்தான் முடிச்சம். அப்பவும் மறுநா காலையில பாதி..."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு சூளைக்காரர்கூட சக்கரபாணி கொடுத்த விறகு புகைந்தது என்று திரும்பி வந்ததில்லை. அந்த மனிதரை லாரி டயர் போட்டு எரிப்பதா? பாதி வெந்து கிடப்பாரா? கமலம் கிணற்றடிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். காய்ந்த விறகு எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள்.

கொட்டகை ஓரம் தகரத்துக்குக் கீழே ஒரு வண்டி முந்திரி விறகு அடுக்கியிருந்தது. மங்கலம்பேட்டைப் பக்கம் காற்றில் சாய்ந்த ஒரு தோப்பிலிருந்து வந்தது. மகள் விருத்தாம்பிகையின் கல்யாணச் சமையலுக்கென்று சக்கரபாணி இரண்டு கோடைக்கு முன்னால் பிளந்து வைத்தார். தரையில் படாமல் இரண்டு உருட்டுக்கட்டை போட்டு, பட்டை மேலே இருக்கும்படி அடுக்கி, தலைக்கு மட்டும் தகரம் மூடி, பக்கத்தை எல்லாம் காற்றுக்கு விட்டிருந்தார். மாப்பிள்ளை தேடுவதற்கு முன்பே விறகு தேடிவிட்டார் என்று கமலம் அப்போது சிரித்திருக்கிறாள். ஆவணியில் நிச்சயம் முடிந்த அன்று முன்வரிசைக் கட்டைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். தையில் கல்யாணம் என்று பேச்சு. இனி அது தள்ளிப்போனாலும் வருஷத்துக்குள் வைத்தாக வேண்டும் என்று காலையிலேயே பேசிக்கொண்டார்கள்.

"அண்ணி, வேணாம்," என்றான் கொளஞ்சியப்பன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "கல்யாணத்துக்குன்னு மஞ்சள் வச்ச வெறகு. அத எடுத்துப் பொணத்துக்கு வச்சா நாளைக்கிப் புள்ள வாழ்க்கையில ஏதாவது ஒண்ணுன்னா, நம்மளத்தான் சொல்லுவாங்க. மாப்ள வூட்டுக்காரங்க வேற வந்து ஒக்காந்திருக்காங்க."

வாசல் பந்தலில் கருவேப்பிலங்குறிச்சிச் சம்பந்தியம்மா மாரியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சகுனம் பார்ப்பதில் பெயர் எடுத்தவள். நிச்சயத் தேதியையே பூனை குறுக்கே போனதென்று ஒரு தடவை மாற்றியவள். கமலத்துக்குப் பயம் வந்தது. பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம், புருஷனின் உடம்பு ஒரு பக்கம். செத்தவருக்கு என்ன தெரியப் போகிறது என்று ஒரு மனசு சொன்னது. எனக்குத் தெரியுமே என்றது இன்னொன்று.

மகள் அம்பிகா குழாயடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொம்மைக் கம்பெனியில் கலர் தீட்டுகிறவள். விரல் நகத்தில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது. நடந்த பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கும். கமலம் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், எடுங்க என்றுதான் சொல்வாள். பின்னால் ஏதாவது வந்தால், நான்தானே சொன்னேன் என்று அவள் காலமெல்லாம் நினைக்கும்படி ஆகிவிடும். அந்தப் பாரம் தன்னோடு இருக்கட்டும் என்று கமலம் நினைத்தாள்.

போய்த் தகரத்தை இழுத்துக் கீழே தள்ளினாள். அந்தச் சத்தத்தில் வாசலில் அழுகை ஒரு நிமிஷம் நின்றது.

"அண்ணி..."

"டிராக்டர் பெட்டியப் பின்னால கொண்டாரச் சொல்லு. மாங்கட்ட ஒண்ணு வச்சாப் போதும், மேல."

மஞ்சள் பூசிய முன்வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யாரை ஏமாற்ற? முன்வரிசையிலிருந்தே எடுத்தாள். கட்டைகளின் முனையெல்லாம் நட்சத்திரமாக வெடித்திருந்தது. ஒன்றோடொன்று பட்டபோது டங்கென்று மணி மாதிரிக் கேட்டது. கையில் கனமே இல்லை. எவ்வளவு பார்த்துச் செய்திருக்கிறார் என்று நினைத்தபோதுதான் முதல் தடவையாகக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

நிமிர்ந்தபோது மாரியம்மாள் எதிரே நின்றிருந்தாள்.

"இது எந்த வெறகு சம்பந்தி?"

டெப்போ விறகு என்று சொல்லியிருக்கலாம். கொளஞ்சியப்பன் அப்படிச் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

"அம்பிகா கல்யாணத்துக்கு அவரு காய வச்சது," என்றாள் கமலம். "வேற எல்லாம் ஈரங்க."

மாரியம்மாள் அவள் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். குழாயடியில் நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். டிராக்டர் முன்னால் போனது. கொளஞ்சியப்பன் கொள்ளிச் சட்டியோடு நடந்தான். அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. பெண்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வாசலைக் கழுவிவிட்ட பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாரியம்மாளும் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், மகனின் பைக்கில் ஏறிப் போனாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு தாயும் மகளும் பின்பக்கச் சுவரோரம் வந்து நின்றார்கள். கமலத்துக்கு உள்ளே உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

"அத்த ஒண்ணுமே சொல்லாம போயிட்டாங்கம்மா."

"சாவு வூட்டுல யாருடி போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவாங்க?"

அப்படித்தான் எல்லோரும் போனார்கள். ஆனால் அவள் போனது முறைக்காகவா, கோபத்திலா என்று கமலத்துக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தால் தெரியும். வராவிட்டாலும் தெரியும். அதுவரைக்கும் இந்த நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொண்டு கிடக்கும்.

அம்பிகா சுவரில் கையை ஊன்றி எம்பி, மணிமுத்தாற்றுப் பக்கம் பார்த்தாள். கரையில் பனைமரங்கள் வரிசையாக நின்றன. அதற்கு அந்தாண்டைதான் சுடுகாடு.

"இன்னும் தீ வைக்கலியாம்மா? பொகையே காணோம்."

கமலமும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வச்சி முக்கா மணி நேரம் ஆவுது," என்றாள்.

பனைகளுக்கு மேலே வானம் மட்டும் அனலில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.