கெபிக்குப் பின்னால் ஒரு சுவர்

எங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதற்குக் காரணம் நான்தானாம். ஈரத் துணியை அறைக்குள் காயப்போடுகிறேனாம், தரையைத் தண்ணீர் விட்டு அலசுகிறேனாம், ஜன்னலைத் திறப்பதே இல்லையாம். என் மாமனார் இன்னாசிமுத்து மூன்று வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எழுபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வருகிறவளுக்குத் தரையை அலச ஏது நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பசுமலையில் அது அறுபது வருடத்துப் பழைய வீடு. நானும் என் மகள் ஜோசபினும் படுக்கும் அறையில் இடுப்பு உயரத்துக்குக் காரை பொரிந்து உதிரும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொத்தனார் பால்பாண்டி அதைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிப்பார். பொங்கலுக்குள் ஈரம் பூச்சுக்கும் மேலே இன்னொரு முழம் ஏறியிருக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஓயாத வீசிங். வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

அந்த வருடம் பால்பாண்டியை மடக்கிக் கேட்டுவிட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், அந்தப் பக்கம் கெபி இருக்குல்ல. செவத்தை ஒட்டி அம்புட்டு மண்ணக் கொட்டி வச்சிருக்காரு. தெனம் தண்ணி ஊத்துனா செவரு குடிக்கத்தான செய்யும்?"

தெரிந்துகொண்டேதான் மூன்று வருடமும் பூசியிருக்கிறார். சாமி காரியத்தில் வாய்விட வேண்டாம் என்று இருந்துவிட்டாராம். என் பிள்ளையின் மூச்சு எந்தக் காரியத்தில் சேர்த்தியோ தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஆபரேஷனில் பிழைத்து வந்ததற்கு நேர்ச்சையாக மாமா கட்டிய மாதா கெபி அது. குகை மாதிரி கல் அடுக்கி, மண் குவித்து, ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்து, காலையும் மாலையும் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவார். பிளாஸ்டரில் செய்த மாதா மட்டும் சொட்டு நனையாமல் கண்ணாடிப் பெட்டிக்குள், பல்பு வெளிச்சத்தில் நிற்பார்.

சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைத்துக்கொள்ளலாமே என்று மாமாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். கெபியில் கைவைக்கச் சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தார். என்னை வளர்த்த லட்சணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பூசைக்குப் போனதும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். சிலுவை போட்டுக்கொண்டு மாதாவைத் தூக்கி வந்தேன். பிள்ளையின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு, ஈரச்சுவரில் முதுகு படுகிற மாதிரி நிறுத்தினேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமாவிடம் கேட்பதாக இல்லை.

பூசை முடிந்து வந்து, காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு மாமா பதறிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்த ஓதத்துல வச்சா மாதா என்னத்துக்கு ஆகும்? ஒரே வாரத்துல ஊறிப்போயிரும்."

"மூணு வருசமா ஒங்க பேத்தி இங்கதான் மாமா படுக்குறா."

அவர் கட்டிலைப் பார்த்தார். ஜோசபின் வாயைத் திறந்து, நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா பூசைக்குப் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரோஜாச் செடியைத்தான் முதலில் பெயர்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுபது வயது மனிதர் தனியாக மண் அள்ளுகிறாரே என்று இரக்கம் வரவேண்டும்தான். எனக்கு வரவில்லை.