திருவாதிரைக்கு வீடு காலி இல்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சிங்காரம் சொல்லிவிடுவார். கடலூர் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருந்தவர், 2005இல் வேலையை விட்டுவிட்டு, வந்த பணத்தில் சிதம்பரம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். "கோயிலுக்கு வர்றவுங்களுக்கு நாள் வாடகைக்கு வுடலாம் மாலதி. குடும்பத்தோட வர்றவுங்களுக்கு லாட்ஜு சரிப்படாது" என்றார். யோசனை நல்லதுதான். ஆனால் பத்திரம் பதிந்த அன்றே என்னைக் கேட்காமல் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டை விற்றவர்கள் கனகசபேசனும் அவர் மனைவி சாரதாம்பாளும். மகள் பிரீதாவோடு இருக்கத் தாம்பரம் போனார்கள். கையெழுத்துப் போடும்போது அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் மார்கழித் திருவாதிரைக்கு இரண்டு நாள் அந்த வீட்டில் தங்கி, அதே அடுக்களையில் களி கிண்ட வேண்டும். எல்லாரையும் போல வாடகை கொடுத்துவிடுவார். இவர் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

"வித்த வூட்ல அவுங்களுக்கு இன்னா அடுக்களை? நாளைக்குக் கெணறும் வேணும்பாங்க, அதுக்கும் தலையாட்டிட்டு வருவீங்களா?" என்று அன்று முழுக்கப் பொரிந்து தள்ளினேன். மனுஷன் காது கேட்காதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முன்வீட்டை வாடகைக்கு விட்டு, பின்னால் மாட்டுக்கொட்டகையை மாற்றிக் கட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். வந்து இறங்கியதும் காபி, குளிக்க வெந்நீர், கூடத்துக் கரும்பலகையில் அன்றைய பூஜை நேரம், பிச்சாவரம் போக நம்பகமான கார். இவ்வளவுதான் எங்கள் தொழில். இரண்டே வருஷத்தில் வீடு ஓடத் தொடங்கிவிட்டது. நாட்டியாஞ்சலிக்கு வரும் பெண்கள் விடியற்காலையில் சலங்கை கட்டிக்கொண்டு கூடத்தில் குதிப்பார்கள். நான் போய்ச் சத்தம் போடுவேன். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

சாரதாம்பாள் சொன்னபடியே வந்தார். ஒரு துணிப்பையில் வெண்கலப் பானை. முந்தின நாள் சாயங்காலம் வந்து, ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்ப்பார். மறுநாள் களி கிண்டிப் படைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் கொண்டுவருவார். எங்கள் வாசலோடு நின்று கொடுப்பார். உள்ளே வரமாட்டார், ஒரு வாய் காபி குடிக்கமாட்டார். காரணம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது என் மனதில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றாவது தடவையிலிருந்து அவருக்காகத் தேங்காய் துருவி வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் 2010 வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் கதிரவன் வீட்டை இன்டர்நெட்டில் போட்டிருந்தான். ஆகஸ்டில் போன் பண்ணி, "டிசம்பர் இருவதுலேந்து இருவத்தி நாலு வரைக்கும் பெங்களூர் பார்ட்டி மொத்த வூட்டையும் கேக்குறாங்கம்மா" என்றான். டைரியைப் பார்த்தேன். திருவாதிரை ஜனவரி ஒன்றாம் தேதி வந்தது, சாரதாம்பாளும் வந்துவிட்டுப் போயாயிற்று. இனி அடுத்த வருஷம்தானே என்று, "குடுத்துடு" என்றேன்.

டிசம்பரில் கோயிலில் கொடி ஏறிய அன்றுதான் காலண்டரைத் திரும்பப் பார்த்தேன். திருவாதிரை இங்கிலீஷ் தேதியைப் பார்த்தா வருகிறது? அந்த ஒரே வருஷத்தில் இரண்டாவது முறையாக, இருபத்திரண்டாம் தேதி வந்து நின்றது. முன்பும் ஒரு வருஷம் இப்படி வந்ததுதான். அப்போது வீடு சும்மா கிடந்ததால் உறைக்கவில்லை.

சாரதாம்பாளுக்குச் சொல்லிவிடலாம் என்று தாம்பரத்துக்குப் போன் போட்டேன். பிரீதா எடுத்தாள். "அம்மா பானையைத் தேச்சு வெச்சாச்சு மாமி. பொங்கல் முடிஞ்சதும் வெங்கட்ராம் அண்ணாகிட்ட அமெரிக்கா போறா. இனிமே வர முடியாது, இதான் கடைசின்னு சொல்லிண்டே இருக்கா" என்றாள். வாய் கிழியப் பேசுகிற நான், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

பெங்களூர் பார்ட்டி வந்து இறங்கியது. அவர்களுக்குத் தலைவர் நடேஷ். காலையில் மூன்று மணி நேரம் மட்டும் அடுக்களையைக் கேட்டேன்.

"நாலு மாசத்துக்கு முன்னாடியே புக் பண்ணினோமே மேடம். பன்னெண்டு பேர், கைக்குழந்தை வேற. காலைல அடுப்பு எங்களுக்கு வேணுமே" என்றார் பொறுமையாக. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாக வந்தது. யார் மேல் காட்டுவது? சிங்காரம் மேல் காட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் சாரதாம்பாளும் கனகசபேசனும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். உள்ளே டிவி அலறியது. வாசலில் கிடந்த செருப்புகளையே அந்த அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கிலீஷ் தேதியைப் பாத்து வூட்டை வாடகைக்கு வுட்டுட்டேம்மா. தப்பு என்னுதுதான்" என்றேன். இப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

"போனாப் போறது சாரதா. லாட்ஜ்ல தங்கிண்டு ஸ்வாமியைப் பாத்துட்டுப் போவோம்" என்றார் கனகசபேசன்.

"அப்போ களி?" என்றார் சாரதாம்பாள், பானையை மார்போடு பிடித்தபடி.

"எங்க அடுப்பு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐந்து தடவை வாசலோடு நின்றவர். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியுமா?

அவர் பானையோடு பக்கச் சந்து வழியாகப் பின்னால் நடந்தார். எங்கள் நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே வந்தார். நேராக என் அடுப்படிச் சுவரில் இருந்த இரும்பு வளையத்திடம் போனார். மாடு கட்டிய பழைய வளையம் அது. பிடுங்க வராமல் நான் பிடிதுணி மாட்டி வைத்திருந்தேன்.

"இது இன்னும் இருக்கா!" அதைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணமாகி வந்த புதுசுல அழணும்னா இங்கதான் ஓடி வருவேன் மாலதி. அந்த அடுக்களைல மாமியார் இருப்பா, அழ முடியாது. இந்த வளையத்தைப் புடிச்சுண்டு நிப்பேன். இங்க கட்டியிருந்த பசுவுக்கு மட்டுந்தான் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்காரத்துக்குத் தெரியாமல் நான் அழுவதும் அந்தப் பிடிதுணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான்.

"நானும் இங்கதாம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் விடியும் முன்பே லாட்ஜிலிருந்து வந்து, என் அடுப்பில் களி கிண்டினார். வெல்லமும் நெய்யும் மணந்த வாசனைக்குப் பெங்களூர் குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சந்தில் வந்து நின்றன. படைத்து முடித்ததும் என் தரையில் உட்கார்ந்து, "உன் கையால ஒரு வாய் காபி குடு" என்றார். ஆற்றும்போதே பாதி டம்ளர் சிந்திவிட்டது. போகும்போது பானையை அந்த வளையத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

2011 முழுக்கத் திருவாதிரையே வரவில்லை. 2012 ஜனவரியில் வந்தபோது 'தானே' புயலுக்குப் பிறகு ஊரில் கரண்ட் இல்லை, வாடகைக்கும் ஆளில்லை. நானே அந்தப் பானையில் களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. அன்று ராத்திரி அமெரிக்காவிலிருந்து போன். "வளையம் இருக்கோல்லியோ?" என்றார். "இருக்கும்மா" என்றேன்.

இதோ, இந்த 2012 டிசம்பரிலும் இரண்டாவது திருவாதிரை வருகிறது. நேற்று கதிரவன் போன் பண்ணினான். "இருவத்தேழு, இருவத்தெட்டு ரெண்டு நாளும் காலியாத்தானே இருக்கு? பெரிய பார்ட்டி கேக்குறாங்கம்மா."

"காலி இல்லன்னு சொல்லு."

"யாரு வர்றா?"

"யாரும் வரல. காலி இல்லன்னா இல்ல, வையிடா போனை!" என்று கத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் அந்த வளையத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.