ஒரு சாண் குறைந்த கதவு

ஐந்தாவது மாதமாகக் கத்தி அதே கீறலில் போய் விழுந்தது. மலர்விழி மகளை இன்னொரு முறை கதவோடு ஒட்டி நிற்கவைத்து, உச்சந்தலையில் கத்தியைப் படுக்கவைத்துப் பார்த்தாள். நூலளவுகூட ஏறவில்லை. இசைப்பிரியாவுக்கு எட்டு வயது. பள்ளியில் ஜூன் மாதம் எடுத்த உயரமும் போன வாரம் எடுத்த உயரமும் ஒன்றுதான். நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.

"சோறு துன்றா, ஓடுறா, ஆடுறா. இன்னா கொற அவளுக்கு?" என்றான் அவள் கணவன் இளம்பரிதி, வளைந்த ஆணியைக் கல்லில் தட்டி நிமிர்த்திக்கொண்டே.

முத்தாண்டிக்குப்பத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரு ஏக்கர் நிலம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடிந்து வந்ததும் அவன் எதையாவது செய்ய ஆரம்பித்துவிடுவான். ஆடுகள் படுத்திருப்பது சுரங்கத்தில் கரி ஏற்றித் தேய்ந்து கழிந்த பெல்ட் ரப்பரில். கேபிள் சுற்றி வந்த மர உருளைதான் சாப்பாட்டு மேசை. கத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் சொட்டுவது, கல்யாண மண்டப வாசலில் பொறுக்கிய பாட்டில்களிலிருந்து. "இந்த வூட்டுக்கு என்னிய மட்டுந்தான் புதுசா கொண்டாந்தாரு," என்று மலர்விழி தன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கதவும் அப்படி வந்ததுதான். சுரங்கத்துக்காகக் காலியான ஊர்களின் கதவுகளும் ஜன்னல்களும் குள்ளஞ்சாவடியில் ஒரு பழைய சாமான் கடையில் வரிசையாகச் சாய்ந்திருக்கும். அவற்றில் நல்ல வேம்பாகப் பார்த்து எடுத்துவந்தான். சுவர் கட்டும்போது சாம்பல் செங்கல் இரண்டு வரிசை குறைந்துபோனது. சுவரை உயர்த்துவதற்குப் பதில் கதவின் அடியில் ஒரு சாண் அறுத்துவிட்டான். அறுத்த துண்டும் வீணாகவில்லை. கீழே இரண்டு கட்டை அடித்து மணையாக்கினான். இசைப்பிரியா அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள், சில மதியங்களில் அதில் தலைவைத்துத் தூங்கியும்போவாள்.

கதவின் உட்புறம் வாங்கும்போதே கீறல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருடம். எல்லாவற்றுக்கும் அடியில் 'மதிவாணன்' என்ற பெயர். அதைப் பார்த்துத்தான் மகளின் உயரத்தையும் அருகிலேயே கீறும் ஆசை அவர்களுக்கு வந்தது. மேலே இருந்த கடைசிக் கோடு மலர்விழியின் புருவத்துக்கு நேராக இருந்தது. ஆடியில் நெற்றிக்கு நேராக இன்னொன்றைப் பார்த்தாள். அதில் வருடம் இல்லை. ஐப்பசியில் வகிட்டுக்கு நேராக ஒன்று. இப்போது புதிதாக வந்திருப்பதைப் பார்க்க முகத்தை நிமிர்த்த வேண்டியிருக்கிறது.

"வெயிலுக்கு மரம் வெடிக்கும் மலரு."

"வெடிக்கிற மரம் ஸ்கேல் வச்சிகினா வெடிக்கும்?"

 மறுநாள் அவன் கடைக்காரரிடம் விசாரித்து, கதவு முன்பு இருந்த வீட்டுக்காரியை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான்.

ராஜாம்பாளுக்கு அறுபது வயதிருக்கும். உள்ளே வந்தவள் தண்ணீர்கூட வாங்காமல் கதவின் பின்பக்கம் போய் நின்றாள்.

"எம் புள்ள பதினோரு வயசுல ஏரியில போயிட்டான். நான்தான் வுடல. அவன் வயசுப் பசங்க எவ்ளோ வளந்துகினு இருக்கானுங்கன்னு பாத்து, வருசா வருசம் கோடு போட்டுகினே இருந்தேன்."

"காலி பண்ணப்ப ஏன் எடுத்துகினு போவலிங்க?" என்றாள் மலர்விழி.

"எடுத்துகினு போனா அங்கயும் போடுவேன். போதும்னு வுட்டுட்டேன்."

அவள் கை தானாகத் தலைக்குமேல் போய்த் தடவியது. பிறகு மெல்ல இறங்கி, கண்ணுக்கு நேராகத் தன் கடைசிக் கோட்டைக் கண்டுபிடித்தது. குனிந்து அடியைப் பார்த்தாள்.

"கீழ இன்னா பண்ணிங்க?"

"கல்லு பத்தலங்க. ஒரே ஒரு சாண்தான்…" என்று இளம்பரிதி தலையைச் சொறிந்தான்.

"அவன் காலு தம்பி அது."

 ராஜாம்பாள் தன் கோட்டிலிருந்து மேலே இருந்த புதிய கோடுவரை சாண் வைத்து அளந்தாள். "ஒரு சாணுக்கு இன்னும் மூணு வெரல்தான் பாக்கி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பியபோது அவள் பார்வை மணைமேல் உட்கார்ந்திருந்த இசைப்பிரியாமேல் நின்றது. மலர்விழி ஓடிப்போய் மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"அந்தத் துண்ட எரிச்சிட்டிங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன்," என்றாள் ராஜாம்பாள்.

"எங்க வூட்டுல எதையும் எரிக்க மாட்டோங்க," என்றான் இளம்பரிதி. அவனுடைய கஞ்சத்தனத்துக்காக மலர்விழி முதன்முறையாக அவனைக் கும்பிடலாம்போல் நினைத்தாள்.

இரண்டு நாள் ஷிப்டுக்குப் போகாமல் நிலையைப் பெயர்த்து, சுவரை இரண்டு வரிசை உயர்த்தினான். மணையின் கட்டைகளைக் கழற்றி, துண்டைக் கதவின் அடியில் பொருத்தி, இரும்புப் பட்டை வைத்து முடுக்கினான். அறுத்த இடம் மூடிய வாய்போல ஒட்டிக்கொண்டது. மகளின் கோடுகளை மட்டும் இழைப்புளியால் சீவி எடுக்கச் சொன்னாள் மலர்விழி. சீவினான். மற்றவற்றை அவன் தொடவில்லை. கதவு மேலேறியதும் ராஜாம்பாளின் கடைசிக் கோடு அவன் தலையையும் தாண்டி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பகல். இளம்பரிதி வேலைக்குப் போயிருந்தான். மலர்விழி பாத்தியில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது இசைப்பிரியா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். முடி முழுக்க மரத்தூள்.

"தலையில இன்னாடி?"

"ஒசரம் பாத்துச்சி."

"யாரு?"

"தெரியல. நேரா நில்லுன்னுச்சி. நின்னேன்."

மலர்விழி உள்ளே போனாள். சீவிய இடத்தில் புதிதாக ஒரு கோடு. கத்தி அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. டேப்பைப் பிடித்துத் தரையிலிருந்து அளந்தாள். நூற்றுப் பத்தொன்பது. மகளை இழுத்து நிறுத்தி அவளையும் அளந்தாள். அதேதான்.

கோட்டின் பக்கத்தில் 'இ' என்ற எழுத்தும் 'சை'யில் பாதியும் கீறப்பட்டிருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ வரும் சத்தம் கேட்டு நிறுத்தியதுபோல.

அவள் கதவைச் சாத்தவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பாத்திக்குப் போனாள். வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவளை மடியில் இருத்தி, முடியிலிருந்து மரத்தூளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். பின்னால், மரத்தை எதுவோ நிதானமாகக் கீறும் சத்தம் கேட்டது.