சிவப்பு வளையல் பக்கம்

மீரா சேச்சிக்குச் சர்க்கரை. ஏழாம் மாதத்தில் டாக்டர் சொன்ன சேதி அவள் புருஷன் மஹேஷுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளுடைய வளைகாப்புக்குக் கேக் செய்வது நான் என்பதால் என்னிடம் சொல்லியாக வேண்டியிருந்தது.

"வீட்டுல சொல்லிட வேண்டியதுதானே சேச்சி?"

"மாமியார்கிட்டயா? 'எங்க ஆத்துல யாருக்கும் சர்க்கரை கிடையாது, உங்க ஆத்துலேர்ந்து வந்தது'ம்பா. எங்கம்மா மூஞ்சிய அன்னிக்கு யார் பாக்கறது?"

வளைகாப்புக்கு வருகிற ஒவ்வொருத்தியும் அவளுக்கு ஒரு துண்டு ஊட்டுவாள். வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம். ஆகவே வட்டக் கேக்கில் கால்வாசியைப் பாதாம் மாவிலும் தயிரிலும் தனியாகச் சுட்டுப் பொருத்தினேன். அந்தப் பக்கம் கிரீமில்கூடச் சர்க்கரை இல்லை. மிச்சமெல்லாம் வழக்கமான வெனிலா. மேலே சுற்றிலும் சர்க்கரை மாவில் உருட்டிய பச்சை வளையல்கள். பாதாம் பக்கம் மட்டும் ஒரு சிவப்பு.

"சிவப்பை எடுத்துட்டு அதுக்குக் கீழே வெட்டுவாங்க. அந்தப் பக்கம் உங்களைப் பாத்து இருக்கும். கவலைப்படாதீங்க."

நான் பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். பட்டம் வாங்கிக் கேக் சுடுகிறாளே என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரே பதில்தான்: வேலை கொடு, இல்லை வாயை மூடு. அம்மாவுக்கு இந்த வாயைக் கண்டுதான் பயம்.

"ஏட்டி, பெரிய மனுசங்க வீடு. வச்சோம், வந்தோம்னு இருக்கணும்."

சரி என்றேன். சத்தியமாக அப்படி நினைத்துத்தான் ஆட்டோ ஏறினேன்.

"மடியில எந்தா மோளே, கொச்சோ?" என்றார் ஆட்டோக்காரர், குழியில் இறக்கி ஏற்றியபடி.

"கேக்கு சேட்டா. கொச்சுக் குழந்தைன்னா அழும், இது உருகும். மெல்லப் போங்க."

கரமனை வீட்டு வாசலில் மாமியார் சரஸ்வதியம்மாள் நின்றிருந்தாள்.

"முட்டை கிடையாதே?"

"கிடையாது மாமி."

"முட்டை போட்ட பாத்திரம்?"

"அதுவும் கிடையாது."

"சத்தியமா?"

"வேணும்னா திருப்பி எடுத்துட்டுப் போறேன் மாமி."

"அம்மாடி, வாயைப் பாரு!"

கேக்கை மேசையில் வைத்து, சிவப்பு வளையலை மீராவின் நாற்காலிப் பக்கம் திருப்பினேன். "கிரீம் இளகுது, இனி யாரும் கேக்கைத் தொடாதீங்க" என்று நானே எச்சரித்தேன். ஸ்டாண்டைத் திரும்ப வாங்கிப் போவதற்காகக் கூடத்து வாசலில் நின்றேன்.

மீரா வந்து உட்கார்ந்தாள். நாத்தனார் ராஜஸ்ரீ அலறினாள்.

"ஐயோ, கிழக்கே பாத்துன்னா உக்காரணும்!"

நாற்காலி மேசைக்கு அந்தப் பக்கம் போயிற்று. மீராவும் போனாள். கேக்கை யாரும் தொடவில்லை. நான்தானே சொன்னேன்!

பச்சை வளையல்கள் மீராவைப் பார்த்தன. மீரா என்னைப் பார்த்தாள். மாமி கிரீம் ரோஜாவோடு பெரிய துண்டாக வெட்டி, "ஆ காட்டு" என்றாள். பின்னால் ஊட்டுவதற்கு ஒரு வரிசையே நின்றது.

செருப்பை ஏற்கெனவே வாசலில் விட்டிருந்தேன். அம்மாவுக்குச் சொன்ன 'சரி'யையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"மாமி, கொடுக்காதீங்க. அவங்களுக்கு சுகர்."

வளைகாப்புப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒருத்தி பாதியில் நிறுத்தினாள்.

"யாருக்கு? எங்க ஆத்துல யாருக்கும்..." என்றாள் மாமி.

"இப்ப இருக்கு. சிவப்பு வளையலுக்குக் கீழே சர்க்கரை இல்லாத கேக் இருக்கு, அதைக் கொடுங்க. இத்தனை பேரும் இதை ஊட்டினா, நாளைக்கு டாக்டருக்கு யார் பதில் சொல்றது? நீங்களா?"

மீரா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தெருவில் இனி எனக்கு ஒரு ஆர்டர் கிடையாது என்று நினைத்தேன்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "சர்க்கரை இல்லாததா? நேக்கு ஒரு பீஸ் வை."

"நேக்கும். காலம்பற மாத்திரை போட்டுண்டுதான் வந்தேன்."

"அடி, நோக்குமா? சொல்லவே இல்லியே!"

வரிசை உடைந்தது. சிவப்பு வளையல் எங்கே போயிற்றோ தெரியாது. கூட்டம் விலகியபோது பாதாம் பக்கம் துடைத்த மாதிரி இருந்தது. முதல் துண்டு சரஸ்வதியம்மாள் வாயில்.

மீரா நிமிர்ந்தாள். "நீங்களுமா அம்மா?"

"பார்டர்லைன்தான்," என்றாள் மாமி மென்றபடி. "ரொம்ப வருஷமா. என்கிட்ட நீ சொல்லப்படாதா?"

"நீங்க சொன்னேளா?"

மஹேஷ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான்.

"அப்போ மீராக்கு எங்கே?" என்றாள் ராஜஸ்ரீ. எல்லோரும் அடுத்தவள் கையைப் பார்த்தார்கள்.

"ஊட்ட வந்தீங்களா, தின்ன வந்தீங்களா?" என்றேன். ஆத்திரத்தில் என் பையைத் திறந்தேன்.

கேக்கை அடுக்குவதற்கு முன் அதன் உப்பிய தலையைச் சீவிவிடுவோம். சீவியது சுட்டவளுக்கு. பாதாம் கேக்கின் தலை, திரும்பும் பஸ்ஸில் தின்பதற்காக என் டிபன் டப்பாவில் இருந்தது. கிரீம் இல்லை, பூ இல்லை. மாமி கையை நீட்டினாள். டப்பாவைப் பின்னுக்கு இழுத்தேன்.

"கையைக் கழுவிட்டு வாங்க மாமி. எல்லாம் கிரீம்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். என் டப்பாவிலிருந்து கிள்ளி மீராவுக்கு ஊட்டினாள். அது என்ன பாத்திரம் என்று கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசை மறுபடி நின்றது, எல்லோரும் ஈரக் கையோடு.

"சின்னதாக் கிள்ளுங்க," என்றேன். "கடைசி ஆள் வரைக்கும் வரணும்."