உறையின் மேல் எழுதியது

காலை எட்டு ஐம்பதுக்கு ஏமி காணிக்கை உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். உள்ளே ஐந்நூறு வெள்ளி பணம். உறையின் மேல் ஒன்றும் எழுதாதே என்று கணவன் எரிக் அவளிடம் இரண்டு முறை சொல்லியிருந்தான்.

பாடாங் செராய் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நன்றி செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை. உறையின் மேல் பெயரையும் காரணத்தையும் எழுதுவார்கள். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை எழுந்து ஸ்தோத்திரம் சொல்லும். பெயர் எழுதாவிட்டால் ‘ஒரு விசுவாசி’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எரிக்குக்கு அது போதும்.

அன்று காணிக்கைப் பை பிடிக்கும் முறை மனோகரனுடையது. பழைய எஸ்டேட் லயத்தில் குடியிருப்பவன். ஆறு வருடங்களுக்கு முன் அவனை இந்தச் சபைக்கு அழைத்து வந்தவன் எரிக். தான் சூப்பர்வைசராக இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் எரிக்தான்.

மூன்று வாரங்களுக்கு முன் அந்த வேலை போனது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்று பேரை நிறுத்த வேண்டும், சூப்பர்வைசரே பெயர்களைத் தர வேண்டும், தராத சூப்பர்வைசர் தானே போகலாம் என்றார் மேலாளர். லிஸ்ட் ஆபீஸிலிருந்து வந்ததாகவே ஆட்களுக்குச் சொல்லப்படும், யார் எழுதியது என்பது வெளியே வராது என்றும் சொன்னார். எரிக் இரண்டு பெயர்களை எழுதிவிட்டு நிறுத்தினான். மூன்றாவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மனோகரன் சண்டை போடமாட்டான்.

பை எரிக்கின் வரிசைக்கு வந்தது. ஏமி உறையைப் போட்டாள். மனோகரன் அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தான். பையைப் பீடத்தில் வைத்தபின் பக்கத்திலேயே கைகட்டி நின்றான்.

போதகர் வாசித்தார். ஒரு பிரசவம். ஒரு கண் ஆப்பரேஷன். பிறகு எரிக்கின் பெயர்.

“சகோதரர் எரிக், சகோதரி ஏமி குடும்பம். வேலையிடத்தில் பலரை நிறுத்தியபோது, என் கணவருடைய பெயர் அந்த லிஸ்டில் வராமல் கர்த்தர் காத்தார்.”

சபை எழுந்தது. எரிக் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாக எழுந்தான். ஸ்தோத்திரம் என்ற குரல்களுக்குள் மனோகரனின் குரல் தனியாகக் கேட்டது. அவன் எப்போதும் சத்தமாகத்தான் சொல்வான்.

“எழுதாதேன்னு சொன்னேன்ல,” என்றான் எரிக், உதடு அசையாமல்.

“கர்த்தர் செஞ்சத மறைக்கலாமாங்க?” என்றாள் ஏமி. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கடைசி உறை மனோகரன், இராசாத்தி குடும்பத்தினுடையது. இம்மட்டும் கர்த்தர் நடத்தியதற்காக என்று எழுதியிருந்தது. வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போதகர் அதை வாசித்துவிட்டு உறைகளைப் பீடத்தில் அடுக்கி வைத்தார்.

ஆராதனை முடிந்து கூடாரத்தில் சாப்பிட மீகூன் நூடுல்ஸ் கொடுத்தார்கள். பெண்கள் ஏமியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். சபையில் எப்போதும் கேலி பேசும் புவனேசன் தட்டோடு எரிக்கிடம் வந்தான்.

“அடுத்த தடவ லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒரு கவரு போட்டு வச்சிருங்கண்ணே. சேஃப்லா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனோகரனும் சிரித்தான். எரிக் மீகூனைக் கிளறிக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலிருக்கத்தான் ஐந்நூறு வெள்ளி. வீட்டில் உறையை ஒட்டும்போதே அது அவனுக்குத் தெரியும்.

மனோகரன் அவனைக் கார் நிறுத்தும் பக்கம் தனியாக அழைத்துப் போனான். கோலா கெத்திலில் ஒரு மரக்கடையில் ஆள் கேட்டிருக்கிறார்கள், நாளை போய்ப் பார்க்க வேண்டும் என்றான். இராசாத்திக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்றான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

“ஒங்க பேரு அதுல வராதது எனக்கு நெஜமாவே சந்தோஷம்ணே. பொய்யில்ல.”

எரிக் வாயைத் திறந்தான். இப்போது சொல்லிவிடலாம். மனோகரன் முந்திக்கொண்டான்.

“ஆனா என் பேர எழுதினவன நெனச்சா ஜெபமே வரமாட்டேங்குது. மூணு வாரமா முட்டி போட்டுப் பாக்குறேன், அவன மன்னிக்க முடியல. ஒங்ககிட்டத்தான் கேக்க முடியும்.”

அவன் தலையைக் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கண்ணே. இங்கேயே.”